மீன் சாப்பிடாத மேனேஜர்

எங்கள் கம்பெனி என்ன தயாரிக்கிறது என்று யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். ஒன்றையும் தயாரிப்பதில்லை. மற்றவர்கள் தயாரிக்கிற இடத்துக்குப் போய்ச் சோறு போடுகிறோம், தரை துடைக்கிறோம், கக்கூஸ் கழுவுகிறோம். அவர்களுடைய ஆட்களுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்து, அழுக்கானதும் வாங்கி வந்து துவைத்து, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுக்கிறோம். சுருக்கமாகச் சொன்னால், புகுந்த வீட்டில் மருமகள் செய்கிற வேலை. மருமகளுக்கு ஒப்பந்தத்தை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

நாடு முழுக்க எங்களுக்கு ஆஸ்பத்திரிகள், காலேஜ்கள், தொழிற்சாலைகள் இருக்கின்றன. இருக்கின்றன என்றால், அவற்றின் அடுப்பும் துடைப்பமும் எங்களுடையவை. திருச்சியில் என் பங்குக்கு வந்தது அரியமங்கலம் தாண்டி, இரும்பை உருக்கி இயந்திரப் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலை. அதன் கேன்டீனுக்கு நான் மேனேஜர். எனக்கு நீலச் சட்டை. பரிமாறுகிறவர்களுக்கு மெரூன் சட்டையும் தொப்பியும். பாத்திரம் கழுவுகிறவர்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை, அதன் மேல் ரப்பர் ஏப்ரன். சட்டையைப் பார்த்தாலே யாரை அதட்டலாம், யாரிடம் குழைய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். முகத்தைப் பார்க்கிற சிரமம் யாருக்கும் இல்லை.

இந்தச் சட்டைகளைத் துவைக்கிற லாண்டரியும் எங்களுடையதே. அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எதுவும் கிடையாது. போன பட்டன் ஒன்று, திரும்பி வருகிற பட்டன் வேறொன்று. ஒல்லியான ஆளுக்குத் தொப்பைக்காரர் சட்டை வரும், தொப்பைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஷிஃப்ட் முடிப்பார். ஆனால் எனக்கு அந்த லாண்டரி தெய்வம். என் நீலச் சட்டையில் ஏறுகிற மீன் குழம்பு வாடை என்னோடு வீட்டுக்கு வராமல் அங்கேயே போய்விடும்.

வீடு ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில். எங்கள் வீட்டில் ரசம் சாத்தமுது, பாயசம் கண்ணமுது, சமையல் தளிகை. வெங்காயம் வாசற்படி தாண்டி உள்ளே வந்தது கிடையாது. அம்மா அக்கம்பக்கத்தில் பிள்ளை பெரிய கம்பெனியில் நிர்வாகத்தில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாள். பொய் இல்லை. நான் நிர்வகிப்பது துவரம்பருப்பையும் ஃபினாயிலையும் என்பதை அவள் விளக்குவதில்லை, அவ்வளவுதான். நான் ஒரு தொழிற்சாலைக்கே மீன் குழம்பு ஊற்றிவிட்டு வருகிறேன் என்பதும் அவளுக்குத் தெரியும். "பெருமாளே பாத்தும் பாக்காத மாதிரி படுத்துண்டிருக்கார். நான் என்னத்தைச் சொல்றது" என்பாள்.

மீன் குழம்பு எனக்கும் பிடிக்கும் என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

காலேஜ் ஹாஸ்டலில் முட்டையில் ஆரம்பித்தது. பிறகு கோழி, ஆடு என்று முறையாக முன்னேறினேன். முக்கொம்புப் பக்கம் ரோட்டோரக் கடைகளில் மீன் வறுவல் தின்று தேர்ச்சி பெற்றேன். தென்னூரில் ஒரு பிரியாணிக் கடை எனக்கு இரண்டாவது வீடு. ஹெல்மெட்டோடு கடைக்குள் போய், சுவரைப் பார்த்த மேசையில் உட்கார்ந்த பிறகுதான் கழற்றுவேன். ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியவர்கள் என் தலையைவிட என் மானத்தைத்தான் அதிகம் காப்பாற்றியிருக்கிறார்கள். திரும்பும்போது காவேரிப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, வாடை போகும்வரை காற்று வாங்குவேன். அப்போது கடந்து போகிற தெரிந்தவர்கள், காவேரியைச் சேவிக்கிறான் பார், என்ன பக்தி என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

கேன்டீனில் ஒரு விதி உண்டு. மணி அடித்து ஆட்கள் வருவதற்கு முன், சமைத்த ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து ஒரு தட்டில் வைப்பார்கள். சாம்பிள் தட்டு என்று பெயர். மேனேஜர் அதைச் சாப்பிட்டுச் சரி என்று சொன்னால்தான் பரிமாறலாம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சாம்பிள் தட்டில் மீன் குழம்பு. என்னைச் சேர்த்துவிட வந்திருந்த மண்டல மேனேஜர், ஓய்வு பெறப் போகிற பெரியவர், என் முகவரியைக் கேட்டதும் பதறிவிட்டார்.

"உத்தர வீதியா? அடடா! நீங்க இதையெல்லாம் தொடக்கூடாதே! பாவம் எனக்கு வந்துரும்."

இல்லை சார், நான் சாப்பிடுவேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பின்பக்கம் திரும்பி, "யாராவது ஒரு அம்மா இங்க வாங்க" என்று குரல் கொடுத்துவிட்டார். பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து ஒரு பெண் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். எடமலைப்பட்டி புதூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறவர். பிறகு நான் அவரை அக்கா என்று கூப்பிடப் பழகினேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

அக்கா தட்டை நோக்கிக் கை நீட்டியபோது அந்தக் கையைப் பார்த்தேன். அண்டாக்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கக் கம்பெனி ஒரு லிக்விட் தருகிறது. பிசுக்கு போகிறதோ இல்லையோ, தோல் போய்விடும். கிளவுஸும் தருவார்கள். சுடுதண்ணீர் உள்ளே புகுந்துகொண்டால் அது இன்னும் மோசம். இதற்கென்று கம்பெனி ஒரு பயிற்சிப் படம் வைத்திருக்கிறது. அதில் ஒரு அழகான பெண் சிரித்துக்கொண்டே, அழுக்கே இல்லாத பாத்திரத்தைக் கழுவுவாள். அக்காவின் விரல் நுனிகள் வெடித்து, உள்ளங்கை வெந்தது மாதிரி இருந்தது. மீனை எடுக்க ஸ்பூன் கேட்டார்.

"காரம் பட்டா எரியும் சார். வீட்லயும் ஸ்பூன்லதான் சாப்பிடறேன், ஆஸ்பத்திரியில படுத்திருக்கறவ மாதிரி."

பெரியவர் அதைக் காதில் வாங்கவில்லை. "இனிமே இவருக்குப் பதிலா நீங்கதான் டேஸ்ட் பாக்கணும். சாம்பிள் தட்டைத் தொடுறவங்க பாத்திரம் கழுவக்கூடாது. இந்தம்மாவுக்கு மெரூன் சட்டை குடுங்கப்பா" என்றார்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். ஒருவரின் கை ஆறும் என்றால் ஒரு மேனேஜர் சைவமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று அப்போது தெரியாது.

கேன்டீன் என்னைச் சாமியாக்கிவிட்டது. எல்லோருக்கும் நான் சாமிதான். சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தால் மாஸ்டர், "சாமி வராரு, மீனை மூடுங்கப்பா" என்று கத்துவார். எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர், மூலையில் ஒரு தனி மேசை. அதில் தினமும் தயிர் சாதமும் மாவடுவும். அக்கா கொண்டுவந்து மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, நன்றாகத் தள்ளி நின்று அன்றைய நிலவரம் சொல்வார்.

"புளி கொஞ்சம் தூக்கலா இருக்கு சாமி. ஆனா மீனு வெண்ணெ மாதிரி கரையுது. வால்பக்கம் இன்னும் ருசி."

நான் கண்ணை மூடித் தலையாட்டுவேன். அருவருப்பை அடக்குகிறேன் என்று நினைத்து அக்கா பரிதாபப்படுவார். எச்சில் விழுங்குகிறவனின் முகமும் குமட்டலை அடக்குகிறவனின் முகமும் ஒன்றுபோல இருக்கும்போலும். "உங்களுக்கு இந்த நாத்தமெல்லாம் ரொம்பக் கஷ்டமா இருக்கும்ல சாமி" என்பார். ரொம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது.

புரட்டாசி வந்தால் இன்னும் மோசம். தொழிற்சாலையில் பாதிப்பேர் கவிச்சையை விட்டுவிடுவார்கள். கேன்டீன் கமிட்டியில் தொழிலாளர் தரப்பில் ஒரு ஃபிட்டர் இருந்தார். மற்ற மாதங்களில் மீன் துண்டு சிறியது என்று என்னைக் கிழி கிழியென்று கிழிக்கிறவர், புரட்டாசியில் மட்டும் என் மேசைக்கு வந்து பவ்யமாக நின்று, சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போடுவது எப்படி என்று கேட்பார். நானும் சொல்வேன். முந்தின சாயங்காலம் தென்னூரில் தின்ற சுக்கா வயிற்றில் இருக்க, துளசியின் மகிமையை எடுத்துரைப்பேன்.

ஆனால் அக்காவின் உள்ளங்கை ஆறியது. ஒரு நாள் வந்து, சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டதாகச் சொன்னார், பரீட்சையில் பாஸான பெண் மாதிரி. எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. இதற்காக இன்னும் கொஞ்ச நாள் சாமியாக இருக்கலாம் என்று தோன்றியது.

சில வருஷங்கள் இப்படி ஓடிய பிறகு புது மண்டல மேனேஜர் வந்தார். சென்னைக்காரர், என்னைவிடச் சின்னவர், கையில் எப்போதும் ஒரு டேப்லெட். வரிசையாக நின்ற மெரூன் சட்டைகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர் அக்காவிடம் நின்றார்.

"இவங்க எந்த கவுன்டர்?"

"கவுன்டர் இல்ல சார். டேஸ்ட் பாக்கறாங்க. நான் நான்வெஜ் சாப்பிடறதில்ல, அதனால..."

"மேனேஜர் செய்ய வேண்டிய வேலைக்கு இன்னொரு ஆளா? பாத்திரம் கழுவ ஆள் பத்தலைன்னு நீங்கதானே மெயில் போட்டீங்க?"

நான்தான் போட்டிருந்தேன். என் வாய் சும்மா இருந்தாலும் விரல் சும்மா இருக்காது.

"அடுத்த புதன்கிழமை வரேன். என் எதிர்ல சாம்பிள் தட்டைச் சாப்பிடுங்க. உங்களால முடிஞ்சா, இவங்க பழைய இடத்துக்கே போகட்டும். உடம்பு நிஜமாவே ஏத்துக்கலைன்னா, இவங்க இங்கயே இருக்கலாம்னு நானே எழுதிடறேன். தொடவே மாட்டேன்னு அடம் பிடிச்சீங்கன்னா, சாப்பிடற மேனேஜர் ஒருத்தரை இங்க போட்டுட்டு உங்களை வேற இடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்."

ஆக, நான் மறுத்தாலும் அக்கா அண்டா கழுவப் போக வேண்டும், ரசித்துச் சாப்பிட்டாலும் போக வேண்டும். ஒரு வாய் வைத்து, உடம்பு ஏற்காமல் ஓங்கரித்துக் காட்டினால்தான் அவர் கை தப்பும். மீன் குழம்பை வாயில் வைத்துக்கொண்டு ஓங்கரிப்பதா! இந்தக் கம்பெனியில் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலைகளிலேயே கஷ்டமானது அதுதான். கக்கூஸ் அடைப்பை எடுத்த அனுபவமும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன். அம்மா வெளியிலிருந்து தட்டினாள். "பித்தமா இருக்கும்டா. அங்க கண்டதையும் மோந்துண்டே நிக்கறயோன்னோ" என்று சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். அதைக் குடித்தபோது ஒத்திகை இல்லாமலே நன்றாகக் குமட்டியது. அந்த உணர்ச்சியைப் பத்திரமாக ஞாபகத்தில் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அக்கா வந்தார். வழக்கம்போலத் தள்ளியே நின்றார். கண் கலங்கியிருந்தது.

"நாளைக்கு அதைத் தொடாதீங்க சாமி. எனக்காக உங்க ஆச்சாரத்தைக் கெடுத்துக்க வேணாம். நான் பாத்திரமே கழுவிக்கறேன். கை என்ன, கொஞ்ச நாள்ல மரத்துப்போயிடும். உங்களுக்கு வர பாவம் எத்தனை ஜென்மத்துக்கும் போகாதே."

"பரவால்லக்கா. பெருமாள் மன்னிப்பாரு."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் புண்ணியத்துக்காகத் தன் கையையே கொடுக்கத் தயாராக நிற்கிறவரிடம், ஞாயிற்றுக்கிழமை நண்டு தின்றேன் அக்கா என்று எந்த வாயால் சொல்வது?

புதன்கிழமை கேன்டீனே என் மேசையைச் சுற்றி நின்றது. எதிரே மண்டல மேனேஜர். கமிட்டியின் சார்பில் ஃபிட்டர். கையைப் பிசைந்துகொண்டு மாஸ்டர். சுவரோரமாக அக்கா, என்னைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பிள் தட்டில் சாதம், குழம்பு, நல்ல நடுத்துண்டாக ஒரு கெண்டை.

முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு வாய் வைத்தேன். உடனே ஓங்கரிக்க வேண்டும், அதுதான் திட்டம். ஆனால் இத்தனை வருஷமாக மோந்து மட்டும் பார்த்த குழம்பு அது. புளியும் காரமும் மீனும் நாக்கில் இறங்கியபோது ஓங்கரிப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. கஷாயத்தை நினைத்துப் பார்த்தேன், அதுவும் கை கொடுக்கவில்லை. சரி, இரண்டாவது வாயில் வைத்துக்கொள்ளலாம் என்று மீன் துண்டுக்குப் போனேன்.

கெண்டை முள் நிறைந்த மீன். பழக்கமில்லாதவர்கள் கை வைத்தால் சதையும் முள்ளும் கலந்து கூழாகிவிடும். என் கட்டைவிரல் தன் பாட்டுக்குத் துண்டின் நடுவில் இறங்கியது, தோலை ஒதுக்கியது, சதையை இரண்டாகப் பிளந்து நடுமுள்ளை அப்படியே உருவித் தட்டின் ஓரத்தில் வைத்தது. பிறகு பொடிமுள்ளை ஒவ்வொன்றாகத் தடவி எடுத்து அதன் பக்கத்தில் வரிசையாக அடுக்கியது. நான் யோசித்துச் செய்யவில்லை. தலையைத் தூக்கியபோதுதான் எல்லோர் பார்வையும் என் தட்டின் மேல் இருப்பது உறைத்தது.

மாஸ்டர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார். ஃபிட்டரின் மீசை துடித்தது. அக்கா தரையிலிருந்து பார்வையை எடுத்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டல மேனேஜருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. அவருக்குத் தெரிந்த மீன், ஹோட்டலில் ரொட்டித் தூள் பூசி நீளநீளமாக வருகிற, முள்ளே இல்லாத மீன். பாவம், பயந்து பயந்து பிய்க்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும்.

"என்ன சார், முடியுதா?"

ஃபிட்டர் முந்திக்கொண்டார்.

"முடியுதாவா? அவரு கண்ணைப் பாருங்க சார், எப்படிக் கலங்கி நிக்குது! உசுரே போயிட்டு வருது மனுசனுக்கு. மாஸ்டர், தண்ணி கொண்டாங்க! சாமி, வாந்தி வருதுல்ல?" என் தோளைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார். "வருதுல்ல?"

எழுந்து வாஷ்பேசினுக்கு ஓடி வேண்டிய மட்டும் சத்தம் போட்டேன். ஒன்றும் வெளியே வரவில்லை. உள்ளே போனதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசும் இல்லை. பின்னால் ஃபிட்டர் பேசுவது கேட்டது. "ஸ்ரீரங்கத்து ஆளைப் பிடிச்சு உக்கார வெச்சு மீன் திங்க வெச்சாங்கன்னு தெரிஞ்சா ஊரு சும்மா இருக்குமா சார்? நாங்க சொல்ல மாட்டோம். ஆனா..." ஆனாவுக்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மண்டல மேனேஜர் அங்கேயே டேப்லெட்டில் தட்டிவிட்டார். அக்கா இருக்கிற இடத்திலேயே இருக்கலாம். கிளம்பும்போது என் கையைப் பிடித்து மன்னிப்பு வேறு கேட்டார்.

அவர் கார் கேட்டைத் தாண்டியதும் கேன்டீன் சிரித்த சிரிப்பில் தட்டு அடுக்கே சரிந்துவிடும்போல இருந்தது. மாஸ்டருக்கு ஒரே ஆதங்கம். "சொல்லியிருந்தா தினமும் ஒரு துண்டு எடுத்து வெச்சிருப்பேனே சாமி!" ஃபிட்டர், "வர்ற புரட்டாசிக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்பா" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அக்காவைத் தேடினேன். அவர் சிரிக்கவில்லை. என் தட்டோரத்து முள் வரிசையைப் பார்த்தபடி நின்றிருந்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க என் தயிர் சாதத்தை வேறு யாரோதான் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாருக்காக இத்தனை வருஷம் தயிர் சாதம் தின்றேன்? யாருக்காகப் பாத்ரூமில் கிடந்து கத்தினேன்? ஒரு நன்றிகூடவா கிடையாது?

அடுத்த புதன்கிழமை அக்காவே வந்தார். ஒரு கையில் என் தயிர் சாதம், இன்னொரு கையில் அவருடைய தட்டு, அதில் சோறும் மீன் குழம்பும். என் தட்டை மேசை ஓரத்தில் வைக்காமல் எனக்கு நேராக வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். அந்த மேசையில் என்னோடு இன்னொருவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"உங்க கைக்காகத்தான் நான் சொல்லலக்கா" என்று ஆரம்பித்தேன். "நான் சாப்பிடுவேன்னு தெரிஞ்சா உங்களை மறுபடி அங்கதானே அனுப்புவாங்க."

"தெரியுது" என்றார். இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து விரல்களை அகலமாகப் பிரித்துக் காட்டினார். உள்ளங்கை ஆறித்தான் இருந்தது. விரலிடுக்குகள் எல்லாம் செக்கச்செவேலென்று உரிந்து கிடந்தன.

"மீனைத் தொட்ட கையால உங்க தட்டைத் தொடக்கூடாதுல்ல. அதனால தினமும் உங்க சாதத்தை எடுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பாத்திர லிக்விடைத்தான் ஊத்தித் தேய்ச்சுக் கழுவுவேன். சோப்புக்கு மீன் வாடை போகாது. மோந்து பாப்பேன், போகலைன்னா திரும்பவும் கழுவுவேன். அப்பவும் மனசு கேக்காம தள்ளி நிப்பேன். கிட்ட வாங்கக்கான்னு நீங்க ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?"

சொன்னதில்லை. அவர் தள்ளி நிற்பது எனக்கு ஒரு விஷயமாகவே பட்டதில்லை. சாமிக்கு முன்னால் தள்ளித்தானே நிற்பார்கள். அந்தக் கையைக் காப்பாற்றியவன் என்று ஒரு வாரமாக நன்றியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவன், அதை ஒரு தடவைகூட விரித்துக் காட்டச் சொல்லிப் பார்த்ததில்லை.

"போன புதன்லேர்ந்து விட்டுட்டேன். இப்பத்தான் கொஞ்சம் காயுது" என்றார். மீனைப் பிட்டுச் சோற்றோடு பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். நான் இன்னும் தட்டைத் தொடாமல் இருப்பதைக் கவனித்தார்.

"இன்னிக்கும் வெறும் தண்ணியிலதான் கையை அலசிட்டு எடுத்துட்டு வந்தேன். சாப்பிடுங்க தம்பி."

தயிர் சாதத்தில் மீன் வாடை அடித்தது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.